தறி நின்ற பிறகும்

சோமனூரில் எங்கள் வீடும் தறிக்கூடமும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. விசைத்தறிகள் ஓடத் தொடங்கினால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடிக்கும், சாமி படம் கோணலாகும், சாப்பிடும் தட்டு தானாக நகரும். எனக்கு ஆடாத வீட்டில்தான் தூக்கம் வராது. அப்பாவின் வலது கை நடுங்கத் தொடங்கியதை நாங்கள் வெகுநாள் கவனிக்காமல் போனதற்கும் இதுதான் காரணம்.

பீளமேட்டு நரம்பு டாக்டர் அதற்குப் பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார். தாத்தாவுக்கும் கடைசிக் காலத்தில் கை இப்படித்தான் ஆடியது என்று அம்மா சொன்னாள். "அப்ப எனக்கும் வருமுங்களா?" என்று டாக்டரைக் கேட்டேன். பெரும்பாலும் இது வழிவழியாக வருவதில்லை, சில குடும்பங்களில் வருகிறது, உங்கள் குடும்பம் எந்த வகை என்று சொல்ல என்னிடம் சோதனை ஏதும் இல்லை, உனக்கு வராமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். நல்ல மனிதர், கடைசி வாக்கியத்தை அழுத்திச் சொன்னார். நானோ அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் இரண்டு கைகளையும் நீட்டி விரல்களை உற்றுப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. தறி ஓடும் வீட்டில் இது பெரிய கூத்து. ஆடுவது தறியா, நானா என்று தெரியாமல் தெருவுக்கு ஓடிப்போய் அங்கே நின்று கையை நீட்டுவேன். பாலுக்குத்தான் நீட்டுகிறேன் என்று நினைத்த பால்காரர், "பாத்திரம் கொண்டாங்க அம்மணி" என்றார்.

அப்பாவுக்கு ஒரு வைத்தியம் போதாது. டாக்டரின் மாத்திரையோடு, அவிநாசி வைத்தியர் கொடுத்த பூனைக்காலி விதைப் பொடியையும் பாலில் கலந்து குடித்தார். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் மூச்சு விடவில்லை. நடுக்கம் குறைந்தது. ஆனால் கழுத்தும் தோளும், எங்கள் யாருக்கும் கேட்காத ஏதோ பாட்டுக்கு ஆடுவதுபோல நெளிய ஆரம்பித்தன. ஆள் தெளிந்துவிட்டார் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். டாக்டர் துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்தார்.

"ரெண்டுலயும் ஒரே மருந்துதானுங்க இருக்குது, அளவு மிஞ்சித்தான் கழுத்து இப்படி நெளியுது. மறைச்சு மறைச்சுச் சாப்பிட்டா நான் எப்படிங்க அளவு சொல்றது?"

பொடி நின்றது. வைத்தியரின் எண்ணெய்த் தேய்ப்பும், கையை வீசி நடக்கும் நடையும் தொடரட்டும் என்றார் டாக்டர். வைத்தியரும் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டார். டாக்டர், மாத்திரையை மட்டும் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும், பருப்பும் பாலும் உள்ளே போன பிறகு போட்டால் அது சரியாக வேலை செய்யாது என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்த நேரத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். உறவுக்காரர் கல்யாணப் பந்தியில் எனக்கு ரசம் ஊற்றியவர்; இலை தாண்டி என் மடிவரை ஊற்றிவிட்டுத் திருதிருவென்று முழித்தார். அந்த முழியிலேயே எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் நான் செத்தே போய்விடுவேன் என்று அப்போது உறுதியாக நம்பினேன். ஆனால் பெண்ணின் அப்பனுக்கு நடுக்கம், தாத்தாவுக்கும் நடுக்கம் என்று தெரிந்தால் எந்த மாமியார் சம்மதிப்பாள்?

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள்.

"அத்தனை தறியையும் ஓட்டிப்போடலாமுங்க. வீடே ஆடுறப்போ உங்க கை ஆடுறதை யாரு பார்க்கப்போறா?"

வந்தார்கள். தறிச் சத்தத்தில் எல்லோரும் தொண்டை கிழியப் பேசினார்கள். மேசையில் டம்ளர்கள் குதித்தன. மாப்பிள்ளையின் அப்பா மைசூர்பாகை ஒன்றுக்கு இரண்டாக எடுத்துத் தின்றார். அப்பாவும் தைரியமாகக் காபியைக் கையில் எடுத்தார். அன்று காலை பதற்றத்தில் அரிசியும்பருப்புச் சோற்றை வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகுதான் அவருக்கு மாத்திரை ஞாபகம் வந்தது என்பது எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும்.

கரண்ட் போயிற்று.

தறிகள் முனகிக்கொண்டே நின்றன. வீடு அசையாமல் நின்றது. அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம், அப்பாவின் கையில் டம்ளரும் டபராவும் கடகடவென்று இடித்துக்கொள்ளும் சத்தம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா டம்ளரைப் பார்த்தார். வந்தவர்களைப் பார்த்தார்.

"தறி நின்னு போச்சுங்க. நான் நிக்கலீங்க."

பயந்தால் எனக்குச் சிரிப்பு வரும், பிறவிக் கோளாறு. குபீரென்று சிரித்துவிட்டேன். மாப்பிள்ளையும் சிரித்தார். அவருடைய அம்மா சிரிக்கவில்லை.

"இது வழிவழியா வர்றதுங்களா?"

"எங்கய்யனுக்கும் இருந்துச்சுங்க" என்றார் அப்பா. "புள்ளைக்கு வராதுன்னுதான் டாக்டர் நினைக்கறாரு. ஆனா சத்தியம் பண்ணித் தர முடியாதுங்க."

அவ்வளவுதான், எதை மறைக்கத் தறியை ஓட்டினோமோ அதை அவரே எடுத்து நடுவீட்டில் வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு நின்று கண்ணில் நீர் முட்டியது.

அந்த அம்மா மைசூர்பாகுத் தட்டைப் பார்த்தார். பிறகு தன் கணவரின் பக்கம் திரும்பினார். அவர் மூன்றாவது மைசூர்பாகை வாய்க்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"அதைக் கீழே வைங்க. போதும் நடிச்சது" என்றார். பிறகு எங்களிடம், "இவருக்குச் சர்க்கரைங்க. இவரோட ஐயனுக்கும் சர்க்கரை. இனிப்பு வேண்டாம்னு சொன்னா நீங்க கண்டுபிடிச்சுப்போடுவீங்கன்னு தின்னுட்டு உக்காந்திருக்காரு. எங்க பையனுக்கு மட்டும் நாங்க என்னங்க சத்தியம் பண்ணித் தர முடியும்?"

ஆடி முடிந்ததும் கல்யாணம். தாரை வார்க்கும்போது அப்பா என் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார், அம்மா தண்ணீர் விட்டாள். அப்பாவின் நடுக்கம் எங்கள் எல்லார் கையிலும் ஓடி, தண்ணீர் மணவறை முழுக்கத் தெறித்தது. "மெதுவாவே ஆகட்டும் மாமா, அவசரமில்லீங்க" என்றார் அவர். நான் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன்.

அவர்கள் வீட்டில் தறி இல்லை, எதுவும் ஆடவில்லை. தூக்கமே வராது என்று பயந்தவள் வெயில் ஏறும்வரை தூங்கினேன். மதியம், மாமனார் கண்ணில் படாமல் இனிப்பைப் பூட்டி வைத்த பீரோவின் சாவியை மாமியார் என்னிடம் நீட்டினார். வாங்கக் கையை நீட்டியபோதுதான், காலையில் என் விரல்களைப் பார்க்க மறந்துபோனது நினைவுக்கு வந்தது.