பூவரசுக்கு அப்பால் ஒரு கிணறு

நான் ஒரு கிணற்றைப் புதைத்தேன். புதைத்துவிட்டு, அங்கே கிணறே இல்லை என்று அதன் சொந்தக்காரியிடம் சொன்னேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். ஏன் உங்களிடம்? நீங்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள் என்பதால்தான்... வேறு பெருமையான காரணம் ஏதுமில்லை.

நான் மண் தள்ளும் டோசர் ஓட்டுபவன். போரில் பறிபோன யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குக் காணிகளை இராணுவம் திருப்பிக் கொடுத்தபோது, அவற்றை மூடிக்கிடந்த புதர் மண்டிய பற்றைக்காட்டைத் தள்ள என்னைப் போன்றவர்களைத்தான் கூப்பிட்டார்கள். சுன்னாகத்தில் ஒரு வாடகை அறை. பகலெல்லாம் இயந்திரத்தின் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் இருப்பவனோடு யார் கதைப்பார்கள்? கையைக் காட்டுவார்கள், போய்விடுவார்கள். கதைக்க ஆளில்லாமல் எனக்குக் கோபம் மட்டும் வளர்ந்திருந்தது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. காணிக்காரர் வந்து, பற்றைக்குள் நடந்து, கிணற்றைத் தேடி, அடையாளமாகச் சிவப்புச் சீலைத் துண்டு கட்டிய பிறகுதான் டோசர் உள்ளே இறங்க வேண்டும். கட்டு இடிந்த கிணறு பற்றைக்குள் தெரியாது.

அன்று காணிக்காரி மணி அக்கா கொக்குவிலிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். கணவனை இழந்தவர், மகள் வீட்டில் ஒதுங்கியிருந்தவர். சொந்த மண்ணில் ஒரு சின்ன வீடு போட்டுத் தனியே இருந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. பஸ் பிந்தியது. வெயில் ஏறியது. எனக்குப் பொறுமை ஏது? 'வரும்போது வரட்டும்' என்று டோசரை இறக்கிவிட்டேன்.

பூவரசு மரத்தைச் சாய்த்துக்கொண்டு கொஞ்சத் தூரம்தான் போயிருப்பேன். இயந்திரத்தின் முன்பக்கம் தாழ்ந்தது! பதறிப் பின்னால் எடுத்து, இறங்கிப் பார்த்தேன். கிணறு... பாதிக் கட்டு உள்ளே சரிந்திருந்தது. அடியில் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது நிறுத்தியிருக்கலாம். சீலைக்குக் காத்திராமல் இறங்கியது தெரிந்தால் முதலாளி என்னை வேலையிலிருந்து துரத்திவிடுவார் என்று பயந்தேன். எஞ்சிய கட்டையும் உள்ளே தள்ளினேன். கல்லைத் தள்ளினேன், மண்ணைத் தள்ளினேன், மேலே ஏறி மிதித்துச் சமப்படுத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு முழுக் கிணற்றையே மறைத்தேன்!

மணி அக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கையில் சிவப்புச் சீலை.

"தம்பி, தொடங்கியிட்டியளே! கிணத்தடியிலை இதைக் கட்டுவம் எண்டெல்லோ ஓடி வந்தனான். கிணறு எந்தப் பக்கம்?"

"கிணறு ஒண்டும் காணேல்லை அக்கா."

"இல்லையப்பா, பூவரசுக்கு அங்காலை... நான் கலியாணம் முடிச்சு வந்து குளிச்ச கிணறு. நல்ல தண்ணி."

பூவரசும் அப்போது இல்லை. அதையும் நான்தானே தள்ளியிருந்தேன்!

அவர் கோபிக்கவில்லை. அடுத்த காணிகளில் எனக்கு வேலை தொடர்ந்தது. கிணறு தேட வரும் நாளெல்லாம், தனியே கிடக்கிறேன் என்று இரங்கி, எனக்கும் பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்தார். "சாப்பிட்டனீங்களே தம்பி?" என்று கேட்டார். அப்படி என்னை யாரும் கேட்டு எவ்வளவு காலம்! அந்தத் தேநீருக்காக நான் காத்திருந்தேன். குடித்தேன். வாய் திறக்கவில்லை.

பிறகு ஆள் பிடித்துத் தோண்டுவித்தார். "இதிலைதான்" என்று அவர் காட்டிய இடம், கிணற்றிலிருந்து சில அடிதான் தள்ளி. தோண்டியவர்கள் சுண்ணாம்புப் பாறையில் முட்டிக்கொண்டு நின்றார்கள். தோண்டிய மண்ணை எங்கே குவித்தார்கள் தெரியுமா? என் கிணற்றின் மேல்! பக்கத்துக் காணியில், டோசர் இருக்கையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரலை நீட்டினால் போதும்... நீட்டவில்லை.

மகளும் வந்திருந்தாள். "அம்மா, அண்டைக்கும் அடுப்பை நூர்க்க மறந்து எரிய விட்டனீங்கள். இப்ப இல்லாத கிணத்தைத் தேடுறியள். உங்களை இஞ்சை எப்பிடித் தனிய விடுறது?"

அவள் கெட்டவள் அல்ல. தாயை நினைத்துப் பயந்தாள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் தேடிக் கொடுத்தவன் நான்.

கடைசியாக மணி அக்கா என்னிடம் வந்த நாளில் தேநீரை ஊற்றித் தந்துவிட்டு, அந்தச் சிவப்புச் சீலையை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"மகள் சொல்றது சரிபோலை தம்பி. என்ரை மண்டையிலைதான் ஏதோ பிழை. இல்லாத கிணத்தைத் தேடுற மனுசி தனிய இருக்கக்கூடாதுதானே?"

என்னைத்தான் கேட்டார்! என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்!

"ஓம் அக்கா" என்றேன்.

சொல்லுங்கள்... கிணற்றைத் தூர்த்தது பெரிய குற்றமா, இந்த 'ஓம்' பெரிய குற்றமா? கிணற்றை மறுபடி தோண்டிவிடலாம். தன் புத்தியை நம்பிய ஒருத்தியை, நம்பாதவளாக மாற்றிவிட்டேனே... அதை எந்த இயந்திரத்தால் தோண்டி எடுப்பேன்?

வீடு எழும்பவில்லை. காணியில் மறுபடியும் பற்றை ஏறிவிட்டது. கொக்குவிலில் அவர் மகள் வீட்டு மதில் வரை போயிருக்கிறேன். ஒருமுறை உள்ளே அவர் குரல் கேட்டது. வந்த யாரிடமோ, "எங்கடை காணியிலை கிணறு இருக்கேல்லை, நான்தான் மாறி நினைச்சுப்போட்டன்" என்று சொல்லிச் சிரித்தார். படலைக் கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இப்போதும் டோசர்தான் ஓட்டுகிறேன். வெறுங்காணியில் தனியே நிற்கும்போது, சில வேளை வாய்விட்டுக் கத்துவேன். "இருந்தது அக்கா... கிணறு இருந்தது!"

இயந்திரம் ஓடும்போது மட்டும்தான் கத்துகிறேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்பதில்லை.