இடது தோளில் துரு

என் மாமனாரின் வெள்ளைச் சட்டையில், இரண்டு தோள்களிலும் விரல் அகலத்துக்குத் துருக்கறை. இத்தனை வருடம் கழித்தும் அது என் கண்முன்னே நிற்கிறது. அன்று ஜூலை பதினான்கு, பிரெஞ்சு தேசிய தினம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மாமாவுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்குப் போவார். மாடிக் கொடியிலிருந்து சட்டையை எடுத்து வந்தவர், "என்னாம்மா இது? உங்க கம்பெனி கிளிப்பு பண்ண வேலையப் பாரு" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் கடலோர ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், துணி கிளிப் செய்யும் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். கிளிப் என்றால் எல்லோர் கண்ணிலும் படுவது கலர் பிளாஸ்டிக்தான். ஆனால் துணியைப் பிடித்து நிற்பது நடுவில் இருக்கிற ஸ்பிரிங். அது தளர்ந்தால் புடவை பக்கத்து வீட்டு மாடியில் கிடக்கும். துருவேறினால் துணியே பாழ். எங்கள் முதலாளியோ சாதா இரும்புக் கம்பிக்குப் பளபளவென்று முலாம் பூசிய ஸ்பிரிங்கைத்தான் வாங்குவார். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் அந்த முலாம் எத்தனை நாள் தாங்கும்? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். "கிளிப்புதானம்மா, அதுக்குப் போயி இவ்ளோ ராஜமரியாதையா?" என்று சிரிப்பார். கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். இப்படியே போனால் கம்பெனிக்குப் பூட்டுதான். அங்கே வேலை செய்த பெண்கள் அத்தனை பேரும் என்னோடு சேர்ந்து தெருவில் நிற்க வேண்டியதுதான்.

வேறு சட்டை எடுத்துத் தந்தேன். மாமா தொடவில்லை, கறையோடே போனார். அங்கே பழைய பட்டாளத்துக் கூட்டாளிகள் பிரெஞ்சு மரியாதை மாறாமல், "என்னா மிஸ்யே, ரிடையர் ஆனப்புறம் தோள்ல பட்டை குத்திட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். விழா முடிந்த கையோடு ஆட்டோ பிடித்து, பதக்கங்கள் குலுங்க, நேராக எங்கள் தொழிற்சாலைக்கே வந்துவிட்டார் மனிதர்! முதலாளி முன்னால் விறைப்பாக நின்று, "எனக்குப் புரமோஷன் குடுத்தது நீங்கதானா? சம்பளம் எப்ப ஏத்துவீங்க?" என்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதலாளி முகம் சிவந்துபோய், "உங்க மருமவ சொல்லிக் குடுத்து அனுப்புனாங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "யாரும் சொல்லிக் குடுக்க வேணாம் சார். உங்க சட்டை ஒண்ணு குடுங்க. இடது தோள்ல நம்ம கிளிப்பு, வலது தோள்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங் போட்ட கிளிப்பு. வர்ற ஐப்பசி மழை முடியற வரைக்கும் எங்க மாடில தொங்கட்டும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா நான் வேலைய வுட்டுட்டுப் போறேன். இல்லன்னா நீங்க ஸ்பிரிங்க மாத்தணும்" என்றேன். வெள்ளையைத் தவிர வேறு உடுத்தாத மனிதர் அவர். அத்தனை பேர் பார்க்கும்போது மறுக்க முடியாமல் ஒத்துக்கொண்டார்.

ஐப்பசி மழை பிடித்ததும் சட்டை கொடிக்குப் போனது. மாமா அதற்குக் காவல் இருந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். காலையில் காபிக்கு முன்னால் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இடது தோளு துரு கையில வுழுந்துடுச்சு, வலது தோளு நிக்குது" என்று போர்முனைச் செய்தி வாசிப்பார். புயல் அடித்த வாரம் நானும் அவரோடு மாடி ஏறிப் பார்த்தேன். வலதும் விழுந்துவிட்டால் என் வேலை போச்சே!

மழை விட்டதும் சட்டையைக் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் விரித்துப் பிடித்தேன். இடது தோளில் செங்கல் நிறத்தில் துரு. வலது தோளை முதலாளி விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். நனைந்து பழுப்பேறிய துணிதான், ஆனால் துருவின் சுவடே இல்லை. உடனே போனை எடுத்து, ஸ்பிரிங் வியாபாரியிடம், "பழசு வேணாம்பா, இனிமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே அனுப்பு" என்றாரே பார்க்கணும்! பெண்கள் போட்ட கூச்சலில் எனக்குக் காது அடைத்தது. "என் சட்டையக் குடும்மா" என்று கையை நீட்டினார். தரமாட்டேன் என்றுவிட்டேன்.

மாமா இன்று இல்லை. எங்கள் கிளிப், தேங்காய்த்திட்டுப் பகுதியில் கடலை ஒட்டிய வீட்டுக் கொடிகளில்கூட மழையைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சட்டை தொழிற்சாலை வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. சரக்கு வாங்க வருகிறவர்கள் யாருடையது என்று கேட்பார்கள். "என்னுதுதான்" என்று முதலாளி பெருமையாகச் சொல்வார்.

"ஜெயிச்சது யாருன்னும் சொல்லுங்க சார்" என்று நான் உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன்.