ஆசீர் சுகமாயிருப்பதாகத் தகவல்

ஜெராக்ஸ் கடையிலிருந்து வாங்கிய காகிதக்கட்டு மடியில் அப்படிச் சுடும். பஸ் பெரம்பலூரைத் தாண்டி நான்கு நிறுத்தம் போன பிறகும் அந்தச் சூடு பாவாடை வழியாகத் தொடையில் உறைத்துக்கொண்டிருக்கும், மை வாடையும் ஜன்னல் வழியாக வரும் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி வாடையும் சேர்ந்து தொண்டையைக் கரகரக்க வைக்கும். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை தோறும் அந்தக் கட்டைச் சுமந்து வருவது என் வேலையாக இருந்தது. டவுன் பள்ளியில் ஏழாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு எழுத்து முத்து முத்தாக வரும் என்று பெயர். அதனால் எங்கள் லுத்தரன் சபையின் மாதச் செய்தியை என் அப்பா தன் கோழிக்கிறுக்கலில் எழுதித் தர, நான் அதை வெள்ளைத்தாளில் அழகாகப் படி எடுத்து, டவுனில் நகல் போட்டு வருவேன். தலைப்பில் ‘சபைச் செய்தியும் ஆறுதல் மொழியும்’ என்று இருக்கும். ஊரில் அதற்கு ‘சேதிக் காயிதம்’ என்று பெயர்.

அப்பா உபதேசியார். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் மூன்று சின்ன ஊர்களின் சபைகளை சைக்கிளிலேயே போய்க் கவனித்துக்கொண்டார். எங்களில் குருவானவரை ‘ஐயர்’ என்போம். அவர் தூரத்து ஊரில் இருந்து மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் நற்கருணை கொடுக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, செய்தி வாசிப்பது, நோயாளியைப் போய்ப் பார்ப்பது எல்லாம் அப்பாதான். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யாருக்கு முதல் நற்கருணைக்கான திடப்படுத்தல், யார் ஆஸ்பத்திரியில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தின் ஒரு பக்கம். மறுபக்கம் அப்பா எழுதும் ஆறுதல் மொழி. எங்கள் சபையில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தங்கள் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் ஜனவரியிலிருந்து மாதம் தவறாமல் ஒரு வரி அதில் வந்துகொண்டிருந்தது: “சகோதரி சலோமியின் மகன் ஆசீருக்காக ஜெபிக்கவும்.”

சலோமி அத்தை எங்கள் தெருக்கோடியில் இருந்தார். புருஷன் இல்லை. காட்டு வேலைக்குப் போய் ஒரே மகனை வளர்த்தார். ஆசீர் அண்ணனுக்கு அப்போது இருபது வயதிருக்கும். கோயிலில் தபேலா வாசிப்பான், அவன் வாசித்தால் கிழவிகள்கூடத் தலையை ஆட்டுவார்கள். கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனைக்குக் குடித்துவிட்டு வந்தான். பாட்டின் நடுவில் தாளம் தடுமாறியதும் அப்பா பாட்டை நிறுத்தி, அத்தனை பேர் முன்னாலும், “வெளிய போ. இந்த வாயோட இங்க உக்காராத” என்றார். ஆசீர் எழுந்தான். அவன் அம்மா பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு நடையிறங்கிப் போய்விட்டான். மறுநாள் ‘போர் வண்டி’யில், அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியில், வடக்கே வேலைக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. அதன் பிறகு ஒரு கடிதமும் இல்லை.

சலோமி அத்தை ஒரு வார்த்தை அப்பாவைக் குறை சொல்லவில்லை. ஞாயிறு தோறும் வந்து பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசைப் பாயில் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் போல ‘தோத்திரம்’ சொல்லிவிட்டுப் போவார். அதுதான் வீட்டுக்குள் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆறுதல் மொழி எழுத உட்கார்ந்தால் நாலு வரி எழுதி அடிப்பார், எழுந்து வாசலுக்குப் போவார், திரும்பி வந்து காகிதத்தைக் கசக்குவார். அம்மா, “எழுதுங்க, இல்ல விடுங்க, ஏன் இப்படிக் கூண்டுல போட்ட மாதிரி நடக்கிறீங்க” என்பாள். ஜூலை மாதத்து ஆறுதல் மொழிக்கு அப்பா ஒரு பழைய பிரசங்கத்திலிருந்து பாதிப் பக்கம் எடுத்துக் கொடுத்தார். ஜெபக்குறிப்பில் ஏழாவது முறையாக அதே வரி.

அதைப் படி எடுக்க உட்கார்ந்தபோது எனக்கு அந்த வரி கையில் ஏறவில்லை. அப்பா பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். அம்மா கிணற்றடியில் இருந்தாள். நான் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் அந்த வரிக்குப் பதிலாக இப்படி எழுதினேன்: “சகோதரி சலோமியின் மகன் ஆசீர் சுகமாயிருப்பதாகத் தகவல் வந்துள்ளது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.” எழுதி முடித்ததும் அது நிஜமாகவே நடந்தது போல மனசு லேசானதை இப்போதும் வெட்கத்தோடு நினைத்துப் பார்க்கிறேன். அப்படியே டவுனுக்கு எடுத்துப் போய் நகல் போட்டு வந்துவிட்டேன்.

ஞாயிறன்று அப்பா வழக்கம்போல் செய்தியை உரக்க வாசித்துக்கொண்டே வந்தார். அந்த வரி வந்ததும் நின்றார். பெண்கள் பக்கம் இருந்த என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அதை வாசித்தார். கோயில் முழுக்க ‘தோத்திரம்’ என்ற சத்தம் எழுந்தது. சலோமி அத்தை எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல், அப்படியே பாயில் நெற்றியை வைத்து அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: “யாரு சொன்னது இது?”

“டவுன் பஸ் ஸ்டாண்டுல ஐயரைப் பாத்தேம்பா. அவருதான் சேத்துக்கச் சொன்னாரு.”

இரண்டாவது பொய் முதலாவதைவிட எளிதாக வந்தது. அப்பா மேற்கொண்டு கேட்கவில்லை. நம்ப வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்திருக்க வேண்டும். அன்று அவர் ஏழு மாதத்துக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாளிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சலோமி அத்தை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஆசீரின் சட்டைகளை எடுத்துத் துவைத்து வேலியில் காயப்போட்டார். பஸ் வரும் நேரத்துக்கெல்லாம் ரோட்டோரப் புளியமரத்தடியில் போய் நின்றார், நான் பள்ளி விட்டு இறங்கும் சாயங்கால பஸ்ஸில் என் முதுகுக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன பாப்பா, ஐயர் வேற ஏதும் சொன்னாரா? எந்த ஊர்ல இருக்கானாம்?” என்பார். “தெரியலத்தை” என்று சொல்லிவிட்டு ஓடுவேன். வகுப்பில் உட்கார முடியாது, தண்ணீர் குடிக்கக் கேட்டு எழுந்து போய்க்கொண்டே இருப்பேன். ஆகஸ்ட் முதல் ஞாயிறு ஐயர் வந்துவிடுவார். அப்பாவோ விவரம் கேட்க ‘எஸ்.டி.டி. பூத்’துக்குப் போய் ஐயருக்குப் போன் செய்தார். ஐயர் ஊரில் இல்லை என்று திரும்பி வந்தார். அவர் சைக்கிள் வாசலில் நிற்கும் சத்தம் கேட்கும்வரை நான் அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

ஐயர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் ஏறாமல் வெங்காயக் காட்டுக்கு நடந்தேன். சின்ன வெங்காயம் பிடுங்கும் காலம். சலோமி அத்தை வரப்பில் தனியாக உட்கார்ந்து குவியலை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் விரிந்தது. “வந்துட்டானா?” என்றார்.

நான் சொல்லிவிட்டேன். நானே எழுதினேன், யாரும் சொல்லவில்லை, ஐயரைப் பார்க்கவே இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. ஒரு வெங்காயம், இன்னொன்று, இன்னொன்று என்று மண்ணைத் தட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

“ஏன் பாப்பா எழுதினே?”

“உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு...”

“எனக்கு ஆறுதல் வேணும்னு யாரு சொன்னா ஒங்கிட்ட?” என்று கேட்டார். குரல் உயரவில்லை. “எனக்கு எம்புள்ள வேணும். போ. வூட்டுக்குப் போ.”

நான் வீடு போய்ச் சேர்வதற்குள், குறுக்கு வழியில் அவர் எனக்கு முன்னால் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் மண் அப்படியே இருந்தது. அப்பா வெளியே வந்தார்.

“உபதேசியாரே, இனிமே எம்புள்ள பேரை உங்க காயிதத்துல எழுதாதீங்க. நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம்.”

அவ்வளவுதான். போய்விட்டார். அப்பா என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அடி விழும் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அடிக்கவில்லை, “சரி, போய் மூஞ்சியக் கழுவு” என்றார். எனக்கு அது அடியைவிடப் பயமாக இருந்தது.

ஞாயிறன்று ஐயர் வந்தார். அப்பா அவரிடம் முன்பே பேசியிருக்க வேண்டும். நற்கருணைக்கு முன் பாவ அறிக்கை சொல்லும் நேரத்தில் அப்பா முன்னால் வந்து நின்றார். “போன மாசம் நம்ம செய்தித்தாள்ல ஆசீரைப் பத்தி வந்தது பொய். எம்பேர்ல வர்ற தாள், அதனால அது என் பொய்” என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. பிறகு யாரும் எதிர்பாராததைச் சொன்னார்: “அந்தப் புள்ள இங்கேர்ந்து போனதும் என்னாலதான். தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எல்லார் முன்னாலயும் வெரட்டினேன். எல்லார் முன்னாலயும் சொல்றேன்.” அன்று அவர் நற்கருணை வாங்கவில்லை. சலோமி அத்தை இடம் காலியாக இருந்தது. அதற்கப்புறம் பல மாதம் அவர் கோயிலுக்கு வரவில்லை.

அடுத்த வாரமே அப்பா திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினார். போர் வண்டிகள் அங்கிருந்துதான் நாடு முழுக்கப் போகின்றன. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, ஆசீர் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நின்ற ஒரு படத்தைக் காட்டி விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். புரட்டாசியில் மறுபடி போனார். அந்த முறை ஒரு டிரைவர், இந்தப் பையனைச் சத்தீஸ்கரில் ஒரு வண்டியில் பார்த்ததாகச் சொன்னார். அப்பா அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். என்ன எழுதினார் என்று நான் கேட்டதில்லை.

கார்த்திகை மழையில் ஈரமாக அப்பா பேருக்கு ஒரு போஸ்ட்கார்டு வந்தது. ஆசீரின் கையெழுத்து. நல்லா இருக்கேன், சாப்பாடு ஒத்துக்கிச்சு, அம்மாவப் பாத்துக்கங்க, இப்ப வரமாட்டேன். அப்பா அதைச் செய்தித்தாளில் போடவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு சலோமி அத்தை வீட்டுக்குப் போனார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு கார்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், அங்கே எட்டாவது படிக்கும் பெண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நாங்கள் வாசலிலேயே நின்றோம். தெருவைத் தாண்டி அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. நான் வாசித்ததையேதான் அவளும் வாசித்தாள். அதன் பிறகுதான் சலோமி அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாழ்நாளில் நான் பட்ட அவமானங்களில் அதுதான் பெரியது. முழுக்க முழுக்க எனக்கு உரியதும் அதுதான்.

ஆசீர் வந்தது அதற்கும் ஒன்றேகால் வருஷம் கழித்து, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தின் ஒரு ஞாயிறு. ஆராதனை பாதியில் வாசற்படியில் வந்து நின்றான். கறுத்து, தோள் பருத்து, வேறு ஆள் போல இருந்தான். வலது கையில் இரண்டு விரல் இல்லை. இரும்புக் குழாய் விழுந்து போயிற்றாம். அப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். “வந்துட்டியாடா” என்றார். “லெட்டர் கெடச்சுதுங்க” என்றான் அவன். அப்பா அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சலோமி அத்தை ஓடி வரவில்லை. தன் பாயில் கொஞ்சம் நகர்ந்து, பெண்கள் பக்கம் என்றும் பாராமல், மகனுக்கு இடம் விட்டார். பத்து நாள் இருந்துவிட்டு அவன் திரும்பவும் போனான். ஆனால் வருஷம் ஒரு தடவை வந்தான், கல்யாணத்தை எங்கள் கோயிலில்தான் செய்துகொண்டான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அப்பா செய்தி சேகரித்த விதமே மாறிப்போனது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு வரிகூட எழுதமாட்டார். காய்ச்சல் என்றால் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுவார். குழந்தை பிறந்தது என்றால் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுவார். ஒரு பக்கச் செய்திக்காக மாதத்தில் பாதி நாள் சைக்கிளில் இருந்தார். ஆறுதல் மொழியின் நீளம் குறைந்தது, சில மாதம் மூன்றே வரிதான். ஆனால் எல்லோர் வீட்டுக்கும் போய்விட்டு வந்த மனுஷன் எழுதுகிற மூன்று வரி அது.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. சலோமி அத்தையும் இல்லை. கோயிலுக்குத் தரையில் டைல்ஸ் போட்டு, பாய்களை எடுத்துவிட்டு நாற்காலி போட்டாயிற்று. சேதிக் காயிதம் நின்றுவிட்டது. இப்போது வாட்ஸ்அப் குழு. அரியலூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் எனக்கு, எழுத்து நன்றாக வரும் என்ற பழைய பெயரால், அதன் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ போன் செய்கிறார்கள், நான் தட்டச்சு செய்கிறேன், ஒரு நிமிஷத்துக்குள் நாற்பது கும்பிடு கைகள் வந்து நிற்கின்றன. பொய் எதுவும் எழுதுவதில்லை. இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் போடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, “சகோதரி ரெபேக்காள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துள்ளது, ஜெபிக்கவும்” என்று போட்டேன். அவர் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தத் தெருமுனையைத் தாண்டித்தான் போகிறேன், ஒவ்வொரு தடவையும் நடையின் வேகம் தானாகக் கூடுகிறது. இன்று சனிக்கிழமை. இன்னும் நான் போய்ப் பார்க்கவில்லை.