களைமருந்துத் தகரத்தோடு பாலோவுக்கு

லாபிசிலிருந்து பாலோவுக்கு யாரும் சும்மா போவதில்லை, அதுவும் இந்த ஜப்பான்காரன் காலத்தில். நாங்கள் போனது என் அக்கா வள்ளியின் உள்ளங்கைக்காக. சண்டைக்கு முன்பு எங்கள் ரப்பர் தோட்டத்தில் வருஷக்கணக்காகக் களைமருந்து அடித்தவள். இப்போது கையெல்லாம் ஆணி ஆணியாகத் தடித்துவிட்டது. பெருவியாதி, அதாவது குஷ்டம், என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேச்சு. வெள்ளிக்கிழமைக்குள் அவள் காட்டோரக் குடிசைக்குப் போய்விட வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டார். எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுத்த டிரசர் ஓடிப்போய்விட்டார்; இந்தப் பக்கம் எஞ்சியவர் பாலோ டிரசர்தான்.

ரயில் காலை எட்டு மணிக்கு. பயந்துவிடாதீர்கள், அது ஜப்பான்காரன் மாற்றி வைத்த டோக்கியோ எட்டு. நம் சேவலுக்கு ஆறரைதான். வந்ததோ பதினொன்றுக்கு. சூரியனையே மாற்றி வைத்தவர்களுக்கு ரயில் மட்டும் அடங்கவில்லை. சரக்குப் பெட்டியில் மரவள்ளி மூட்டை மேல் உட்கார்ந்து போனோம்.

"ஆடாம உட்காருடா குரங்கு."

"ரயில்தான்க்கா ஆடுது. நான் தாளம் போடுறேன்."

அக்கா சிரிக்கவில்லை. கையை முந்தானைக்குள் ஒளித்தே வைத்திருந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளாமல், வழிக்கென்று தகரத்தில் பிடித்து வந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே வந்தேன்.

பாலோ ஸ்டேஷனில் சிப்பாய்க்குக் குனிந்தே ஆக வேண்டும். என் கால்விரலை நானே முகர்கிற அளவுக்குக் குனிந்தேன், அக்கா கிள்ளினாள். அங்கிருந்து இரண்டு மைல் செம்மண் பாதை, நடைதான்.

டிரசர் அவள் கண்ணை மூடச் சொல்லி, சேவல் இறகால் கையைத் தொட்டார்.

"இப்ப எங்க?"

"கட்டைவிரல்ல, ஐயா. கூசுது."

"தொட்டா தெரியுதில்ல, அப்ப பெருவியாதி இல்லம்மா. மருந்து அடிச்சவங்க கையில இதப் பாத்திருக்கேன். தடிப்பு போகாது. பல வருஷம் கழிச்சுப் புண்ணு வந்து ஆறாம நின்னா மட்டும் சும்மா விட்டுறாத."

அக்கா அழுதுகொண்டே அவருக்குத் தண்ணீர் நீட்டினாள். அவர் தகரத்தைத் திருப்பிப் பார்த்தார். அடியில் சிவப்பு மண்டையோடு.

"இது ஏது?"

"களமருந்துக் கொட்டாயில கெடச்சுது. சாம்பல் போட்டு மூணு தடவ தேச்சாச்சு, ஐயா. லயத்துல மழைத்தண்ணி பிடிக்கிற பீப்பா எல்லாமே அங்க உள்ளதுதான்."

"அலமாக்! அடிக்கிறத நிறுத்திட்டுக் குடிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

நான் தகரத்தைப் பிடுங்கி மிச்சத் தண்ணீரை மண்ணில் கொட்டினேன்.

ஊர் திரும்பியதும் கோடரியை எடுத்து ஒவ்வொரு பீப்பாயாக ஓட்டை போட்டேன். லயமே கூடிவிட்டது. "இதுவும் ஒன் சேட்டையாடா?" என்று கங்காணி கை ஓங்கினார். நிஜமாகவே விளையாடாத ஒரே நாள், நம்பத்தான் ஆளில்லை.

அக்கா குறுக்கே வந்தாள். முந்தானையிலிருந்து கையை வெளியே எடுத்து எல்லோர் முன்னும் விரித்தாள். "நான்தான் ஒடைக்கச் சொன்னேன். இது ஒட்டுற வியாதி இல்ல, மருந்து செஞ்ச வேல. அதே மருந்தத்தான் எல்லாரும் குடிக்கிறோம்."

எதிர்வீட்டு மாரியக்காவும் மெல்லத் தன் கையை நீட்டினாள். அதே ஆணிகள். அவளுக்குப் பின்னால் இன்னொரு கை. கங்காணியின் ஓங்கிய கை இறங்கியது; அதை அவரே திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அக்கா எங்கள் வீட்டில்தான் சமைத்தாள்.

பாலோ போகிறவர்களுக்கு: ரயில் மணியை நம்பாதீர்கள், மூட்டை மேல் இடம் பிடியுங்கள், தண்ணீரை மூங்கில் குழாயில் எடுத்துப் போங்கள். லயத்துக்கு இப்போது ஆற்றுத் தண்ணீர்தான். அரை மைல் சுமக்க வேண்டும். அதற்கும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.