அக்கா கொடுத்த சாம்பிள்

சிறுநீரில் ரத்தம் கலந்து வந்தபோது, என் அக்கா அதை உடம்புச் சூடு என்றே ஆறு மாதம் ஓட்டினாள். குருபரப்பள்ளியில் கொத்தமல்லி பயிர் செய்கிறவள். நாளெல்லாம் வெயிலில் நிற்பவளுக்குச் சூடு பிடிக்காதா என்பாள். ஊரில் காட்டியபோதும் கிருமித் தொற்று என்று மாத்திரைதான் கிடைத்தது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பிடிவாதமாக அழைத்து வந்து ஸ்கேன் எடுத்தேன். சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க் கட்டி. நல்லவேளை, ஆழமாக இறங்கவில்லை. சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் அவளுக்குக் கஷ்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கேமரா வைத்த மெல்லிய குழாயைச் சிறுநீர்ப்பாதை வழியாக உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். வலியைவிட அவளுக்குக் கூச்சம்தான் பெரிது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருவாள்.

ஒருமுறை கேமராவில் எல்லாம் சுத்தமாக இருந்தது. ஆனாலும் டாக்டரம்மா இன்னொரு பரிசோதனை செய்து பார்க்கலாம் என்றார். கட்டி முளைத்தால் அதன் செல்கள் சிறுநீரில் உதிருமாம். அவற்றின் மரபணுவில் உள்ள மாற்றத்தை லேபில் கண்டுபிடித்துவிடலாமாம். கேமராவுக்கு இது மாற்று இல்லை, துணை என்றும் சொன்னார்.

மறுவாரம் லேபுக்கு வந்த அக்கா, துணிப்பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். புது இடத்தில் தனக்கு வராது என்று வீட்டிலேயே பிடித்து, பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறாள். அங்கிருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கன்னடம் கலந்த தமிழில், இங்கே தரும் டப்பாவில் புதிதாகப் பிடித்தால்தான் செல்லும் என்றாள். அக்கா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு வராந்தாவில் நடந்தாள். துணைக்கு நானும் நடந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து டப்பாவோடு வெளியே வந்தவளின் முகத்தில், பரீட்சை எழுதி முடித்த பிள்ளையின் தெளிவு இருந்தது.

முடிவு பாசிட்டிவ் என்று வந்தது. சில சமயம் தவறாகவும் காட்டும், இருந்தாலும் மூன்று மாதம் காத்திருக்காமல் சீக்கிரமே மறுபடி பார்த்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. மறுபடியும் குழாயா என்று அக்கா மறுப்பாளோ எனப் பயந்து, போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“நீ ஏன்டா அழுவற? நான் வரன்னு சொல்லு. உள்ள ஒளிஞ்சிகினு இருந்தா தேடித்தான புடிக்கணும்.”

அழவில்லை என்று பொய் சொன்னேன்.

இந்த முறை ஒரு மடிப்புக்குள் மிளகு அளவில் தடிப்பு தெரிந்தது. அதே வாரத்தில் எடுத்தார்கள். பரிசோதித்ததில் பழைய நோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. அதற்குப் பிறகு வந்த முடிவுகள் எல்லாமே சுத்தம். குழாய் விடும் இடைவெளியையும் இப்போது ஆறு மாதமாக்கியிருக்கிறார்கள்.

போன தடவை பஸ்ஸுக்காக நின்றபோது, நான் அடிக்கடி லீவு போடுவது பற்றிக் கவலைப்பட்டாள். இனிமேல் தனியாகவே வந்துகொள்வதாகச் சொன்னாள். சூப்பர்வைசர் எதுவும் கேட்பதில்லை என்றேன்.

“சரி, வா. நீ வெளிய ஒக்காந்திருக்கன்னு தெரிஞ்சாதான்டா எனக்கு உள்ள தைரியமா இருக்குது.”