அண்ணா போன்ல பார்த்தேன்

அவருக்குப் பூக்கை என்று பேர் வந்தது குழந்தைகளால்தான். வேறு சலூன்களில் நாற்காலியைப் பார்த்ததுமே வீல் என்று கத்துகிற பிள்ளைகள்கூட இவரிடம் வந்தால் வாயைத் திறக்காது. நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, பிள்ளையைத் தூக்கி அதில் வைத்து, கழுத்தில் துணியைக் கட்டி, கையில் தன் போனைக் கொடுத்துவிடுவார். போனில் பொம்மைப் படம் ஓடும். படம் முடிவதற்குள் தலை முடிந்துவிடும். "என்ன கை அது, பூ மாதிரி!" என்று தாய்மார்கள் மெச்சுவார்கள். அந்தப் பேரில் பாதி கைக்குச் சேர வேண்டியது, மீதி போனுக்கு. அதைப் போய் யாராவது வெளியே சொல்லிக்கொண்டிருப்பார்களா?

ஆளிடம் இருந்த ஒரே பலவீனம் வயது. முப்பத்தெட்டு முடிந்து மீசைக்கு மை பூச ஆரம்பித்திருந்தார். எந்தப் பிள்ளையாவது மாமா என்று கூப்பிட்டுவிட்டால் போச்சு, கத்தரி அந்தரத்தில் நின்றுவிடும். "யாருடா மாமா? இந்த மூஞ்சியைப் பாத்தா மாமா மாதிரியா இருக்கு? அண்ணான்னு சொல்லு. அப்பத்தான் படம்." படம் கிடைக்கும் என்றால் பிள்ளைகள் அவரைத் தம்பி என்றுகூடக் கூப்பிட்டிருக்கும். இப்படித்தான் அந்தத் தெருவின் பொடிசுகளுக்கெல்லாம் அவர் அண்ணா ஆனார்.

சலூனுக்கு எதிரே ரொட்டிக்கடை. அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ரொட்டி அறுத்துக் கட்டிக் கொடுக்கிறவளை எல்லாரும் ரொட்டிக்கடை அக்கா என்பார்கள். பூக்கையும் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது பெற்றவர்களுக்குத்தான் வெளிச்சம். புருஷன் லாரி ஓட்டுகிறவர், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் இரண்டு. பெரியவனுக்குப் பதினாலு, சின்னவனுக்கு ஆறு.

பெரியவன் தம்பியை இடுப்பில் சுமந்தே வளர்த்தவன். அம்மா கடைக்குப் போய்விட்டால் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் தன் புத்தகப் பையை எடுப்பான். சின்னவனுக்கும் அண்ணன் என்றால் உயிர். மரியாதை மட்டும் மருந்துக்கும் கிடையாது. "அண்ணா வந்துட்டான், அண்ணா பிடுங்கிட்டான்" என்றுதான் பேச்சு. வெளி மனிதர்களிடம் மட்டும் ஒழுங்காக 'வாங்க, போங்க' போடுவான். அம்மாவும் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டாள்.

இனி அந்தக் கர்மம் பிடித்த குரூப். பூக்கையோடு கூடப் படித்த பதினேழு பேர் சேர்ந்து போனில் வைத்திருந்த குரூப் அது. காலையில் பூவும் பொன்மொழியும் வரும். பொழுது ஏற ஏற வேறு சரக்கு வரும், சொல்லவே நா கூசுகிற சரக்கு. பூக்கை அதைப் பார்த்தும் பார்க்காமலும் அழித்துவிடுவார். குரூப்பை விட்டே வெளியே வந்திருக்கலாம். வந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே, 'மகான் கிளம்பிட்டார்டா' என்று ஓட்டுவார்களே, நாளைக்கு ஒரு கல்யாணத்தில் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று ஒரு வெட்கம். வெட்கப்பட வேண்டியதற்கு வெட்கப்படாமல் இதற்கு வெட்கப்பட்டார் மனுஷன். வருகிற படமெல்லாம் தானாகப் போனில் இறங்குவதை நிறுத்தி வைக்கலாம் என்பது அவருக்கு அப்போது தெரியாது. யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்பகல். பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். பலகை மேல் சின்னவன், கையில் போன். காதோரம் கத்தரி போனாலே நெளிகிற பையன் அன்றைக்கு அசையவில்லை. 'அட, இன்னிக்கு என்ன இவ்வளவு சமத்து!' என்று பூக்கை கண்ணாடியைப் பார்த்தார். சின்னவனின் வாய் திறந்திருந்தது. கண் இமைக்கவில்லை. பொம்மைப் படத்தின் பாட்டும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தவர் போனை வெடுக்கென்று பிடுங்கினார். குரூப்பில் வந்து விழுந்தது திரையின் மேலே எட்டிப் பார்க்க, பிள்ளை விரல் அதைத் தொட்டிருக்கிறது.

"அண்ணா, அந்த அக்கா ஏன் அழறாங்க?"

"அது... சண்டைப் படம் கண்ணு. ஒண்ணுமில்ல."

பெஞ்சில் இருந்தவர்கள் செய்தித்தாளிலிருந்து நிமிரவில்லை. பூக்கை மீதித் தலையை வெட்டி முடித்தார். கத்தரி தவறி, காதுக்குப் பின்னால் லேசாகக் கீறிவிட்டது. அவர் கையால் ஒரு பிள்ளைக்கு ரத்தம் வந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே குரூப்பிலிருந்து வெளியே வந்தார். ஏன் போனாய் என்று பதினேழு பேரில் ஒருத்தன்கூடக் கேட்கவில்லை.

அப்போதே ரோட்டைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். "அக்கா, இப்படி ஆயிப்போச்சு, என் தப்புதான், பிள்ளை பயந்திருக்கான், பாத்துக்கங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். இருபது அடி தூரம். போகவில்லை. பிள்ளைதானே, மறந்துவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை ரொட்டிக்கடை அக்காவே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"என் வீட்ல இப்படி நடக்கும்னு நான் கனவுலகூட நினைக்கலண்ணே. நாலு நாளா சின்னவன் யாரையும் தொட விடமாட்டேங்கிறான். குளிப்பாட்டப் போனா கத்துறான். கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டதுல நேத்துதான் வாயைத் திறந்தான். 'அண்ணா போன்ல பார்த்தேன், ஒரு அக்கா அழுதாங்க, சண்டைப் படம்னு அண்ணா சொன்னாங்க'ன்னு சொல்றாண்ணே. படிக்கட்டும்னு வாங்கிக் குடுத்த போனு. பெரியவன் இப்படிக் கெட்டுப்போவான்னு யாருக்குத் தெரியும்?"

பூக்கையின் காதில் அந்தச் 'சொன்னாங்க' வந்து விழுந்தது. சொந்த அண்ணனை என்றைக்கும் 'சொன்னான்' என்கிற பிள்ளை. பெற்றவளே தன் வாயால் அதை அப்படியே சொல்கிறாள், அவள் காதுக்கு எட்டவில்லை. வயிறு எரிகிறபோது 'ங்க'வும் 'ன்'னும் யாருக்குக் கேட்கும்?

"அக்கா..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க எனக்குக் கூடப்பிறந்தவர் மாதிரிண்ணே, அதான் உங்ககிட்ட சொல்றேன். வெளிய மூச்சு விட்டுடாதீங்க."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார் பூக்கை. பிறகு சொன்னார், "இந்த வயசுப் பசங்க அப்படித்தான்க்கா."

பேசாமல் நின்றிருந்தால்கூடப் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். நாலே வார்த்தை, அதைச் சொல்லித்தான் மீதிப் பாதியையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். நிஜம் தெரிந்தால் எந்தத் தாய் அந்தக் கடைக்குப் பிள்ளையை அனுப்புவாள்? கடை போனால் பேர் போகும், பேர் போனால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒரு நிமிஷம் மூச்சுகூட விட்டார். அந்தத் தலைப்பாகை பதினாலு வயசுப் பையன் ஒருத்தன். பெரியவனுக்கு இரண்டு அடி விழும், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தார்.

முடியவில்லை. அப்பா லாரியை விட்டு இறங்கியதும் பெல்ட்டைக் கழற்றினார். பெரியவனின் போன் கல்லில் பட்டுச் சிதறியது. தம்பியோடு இவன் ஒரே கூரையில் இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அடுத்த வாரமே வேறு ஊரில் பெரியப்பா வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு. கிளம்புகிற அன்று காலையில் அம்மா அவனைச் சலூனுக்கு அழைத்து வந்தாள். "நல்லா ஒட்ட வெட்டுங்கண்ணே. அவங்க பெரியப்பாவுக்கு இந்த முடியெல்லாம் ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கடையைப் பார்க்கப் போனாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் கத்தரியைப் பிடித்துக்கொண்டு நின்றது, பழி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது. சலூனில் வேறு யாரும் இல்லை. சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. பையனின் பிடரியில் பெல்ட் பட்ட தடம் இருந்தது. அதற்கு மேலே முடியை வெட்டும்போது தலை லேசாக நடுங்குவது பூக்கையின் விரலுக்குத் தெரிந்தது. கடைசியில் பேசியது பையன்தான்.

"அண்ணே, தம்பிக்குக் காதோரம் வெட்டினா கூசும். பாத்து வெட்டுங்க."

அவ்வளவுதான் சொன்னான். பையை எடுத்துக்கொண்டு போய் பஸ் ஏறினான். பூக்கை அன்று கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதார். அழுது என்ன பிரயோசனம்?

அதற்குப் பிறகு பலகையில் ஏறுகிற எந்தப் பிள்ளைக்கும் அவர் போன் கொடுக்கவில்லை. விடுகதை போட்டார், கிளி மாதிரி கத்தினார், தும்முகிற மாதிரி நடித்தார். 'குழந்தைகளுக்குப் போன் தரப்படாது' என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். போன் ரிப்பேர் கடைக்காரரிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். தானாக இறங்குவதை எப்படி நிறுத்துவது, குழந்தைக்கென்று தனியாகப் பூட்டு எப்படிப் போடுவது, கண்ட குரூப்பை எப்படித் தள்ளி வைப்பது. முடி வெட்ட வருகிற அப்பன்மாரின் போனையெல்லாம் வாங்கி அவரே பூட்டுப் போட்டுக் கொடுத்தார்.

ஊர் சும்மா இருக்குமா? தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குத் தலைமை ஆசிரியை அவரைப் பேசக் கூப்பிட்டார். "பூட்டு மட்டும் போதாதுங்க. பிள்ளை வந்து ஒண்ணு சொன்னா, அடிக்காம முழுசாக் கேளுங்க. எங்க, எப்ப, யார் போனுன்னு பொறுமையாக் கேளுங்க" என்றார். கைதட்டினார்கள். முன் வரிசையில் ரொட்டிக்கடை அக்காவும் தட்டினாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது இவருக்கே அளவெடுத்துத் தைத்தது.

சொல்ல முயலாமலும் இல்லை. மூன்று தடவை ரோட்டைத் தாண்டினார். மூன்று தடவையும் அக்கா நிமிர்ந்து, "என்ன வேணும்ணே?" என்றாள். மூன்று தடவையும் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினார். "என்ன, ரொட்டி மேல திடீர்னு இவ்வளவு பாசம்?" என்று வீட்டில் மனைவி கேலி செய்தாள். ஆறு வருஷம் இப்படியே போயிற்று.

பெரியவன் எப்போதாவது வருவான், வந்த அன்றே கிளம்பிவிடுவான். படித்து முடித்து அவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை கிளம்பினால் திரும்ப மூன்று வருஷம் ஆகும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம், சலூன் காலியாக இருந்த நேரத்தில், அக்கா போனைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"போறதுக்கு முன்னால வீட்டுக்கு ஒரு எட்டு வாடான்னா வரமாட்டேங்கிறாண்ணே. 'தம்பி நல்லா இருக்கட்டும்மா, நான் வராம இருக்கறதே நல்லது'ங்கிறான். ஊருக்கே புத்தி சொல்றீங்க, அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்."

பூக்கை கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தார்.

"அக்கா, போன் அப்புறம். முதல்ல உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்குச் சின்னவன் சொன்ன அண்ணா நான்தான். என் போன்தான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். பலகை, குரூப், சண்டைப் படம், ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அவங்க அப்பா பெரியவனை அடிக்கும்போது சின்னவன் குறுக்க விழுந்து, 'இந்த அண்ணா இல்ல, இந்த அண்ணா இல்ல'ன்னு கத்தினாண்ணே. அண்ணனைக் காப்பாத்தப் பொய் சொல்றான்னு அவன் வாயிலயும் ஒண்ணு போட்டேன்." கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்ணே சொல்லல? ரோட்டைத் தாண்டி வர ஆறு வருஷமாண்ணே?"

அவள் திட்டவில்லை, சபிக்கவில்லை. மகனின் நம்பரை அழுத்தி, இருவருக்கும் கேட்கும்படி வைத்து, போனை அவர் பக்கம் நீட்டினாள். பூக்கை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்ட வார்த்தையில் திட்டுவான், நேரில் வந்து அடிப்பான் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தார். அந்தப் பக்கம் வண்டிகள் போகிற சத்தம் மட்டும் வந்தது. வைத்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தபோது குரல் கேட்டது.

"அப்ப... அது நான் இல்லையா?"

"என்னடா சொல்றே?" என்றாள் அம்மா.

"என் போன்லயும் அந்த மாதிரி ஒண்ணு கிடந்துச்சும்மா. கிளாஸ்ல ஒருத்தன் அனுப்பினது. அழிக்கணும்னு நினைச்சு விட்டுட்டேன். தம்பி அதைத்தான் பாத்துட்டான்னு நினைச்சேன். அதான் அப்பா அடிக்கும்போது இல்லன்னு சொல்லல. என்னாலதான் அவன் அப்படிக் கத்துறான்னு... இன்னிக்கு வரைக்கும் அவன் பக்கத்துல உக்காரவே பயமா இருக்கும்மா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, நிஜமாவா?"

"நிஜம்ப்பா. நீ இல்ல. நான்தான்."

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே."

"நீ இல்லப்பா. என் போன்தான்."

"இன்னொரு தடவை."

பூக்கை திரும்பவும் சொன்னார்.