மூடுவிழா மூடாத புகார்

அலுவலகத்தில் அவருக்கு மூடுவிழா என்று பெயர். பெற்றோர் ஆசையாய் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிர் வாழ்ந்தது. தலைமை அலுவலகத்தின் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர் அவர். எண்பது கிளைகளிலிருந்து வரும் புகார்களை வந்த சூட்டோடு மூடிவிடுவார். சராசரி பதினோரு நிமிஷம். இந்தச் சேவையை மெச்சி நிர்வாகம் ஒரு கண்ணாடிக் கேடயம் வழங்கியிருந்தது. ஒழுகுகிற ஏசியின் கீழே தண்ணீர் பிடிக்கும் தட்டு நகராமலிருக்க, அந்தக் கேடயத்தைத்தான் அவர் முட்டாக வைத்திருந்தார்.

தங்கையும் அதே நிறுவனம்தான். பதினான்கு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு கிளை. இங்கே வீட்டில் அப்பா படுத்த படுக்கை. மகன் கரண்டியை நீட்டினால் அப்பாவின் வாய் திறக்காது. போனில் மகள் "சாப்பிடுப்பா" என்றால்தான் திறக்கும். திறந்த வாய் மூடுவதற்குள், "அவ எப்ப வரா?" என்று வேறு கேட்கும்.

வருவதற்கு இடமாற்றம் வேண்டும். விண்ணப்பக் கதவு வருஷத்துக்கு ஒரே ஒரு வாரம்தான் திறக்கும். மருத்துவக் காகிதங்களையெல்லாம் ஒரே கோப்பாக ஏற்ற வேண்டும். டாக்டரின் கையெழுத்து கிடைத்ததே கடைசி நாள் மத்தியானம். மாலை ஐந்து மணிக்குக் கதவு சாத்தப்படும்.

மூன்றே முக்கால் மணிக்குத் தங்கை முறைப்படி புகார் பதிந்தாள். முறைக்கு அப்பாற்பட்டு போனும் செய்தாள்.

"அண்ணா, போகமாட்டேங்குது. வெள்ளையா ஒரு பக்கம் வந்து நிக்குது. அதுல ஒரு நம்பர்..."

"நம்பரை விடு. பிரவுசரை மூடித் திறந்தியா?"

"மூணு தடவை திறந்தாச்சு."

மூடுவிழா உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைவிடப் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது.

"இங்கேருந்து ஜோராப் போகுதே! உன் நெட்டுதான் படுத்துது."

"அப்ப உனக்கு அனுப்பறேன், நீயே ஏத்திடேன்."

"உன் விண்ணப்பத்தை நீதான் ஏத்தணும். நானே விதியை மீறினா நாளைக்கு மத்தவனை எப்படிக் கேக்கறது?"

"ஆமா, சட்டத்தையே நீதான் பெத்து வளர்த்தே! அப்பாவுக்காகக்கூடவா ஏத்தமாட்டே?"

"விடாம அமுக்கிட்டே இரு. போயிடும்."

போனை வைத்த கையோடு, 'பயனர் பக்கக் கோளாறு' என்று எழுதிப் புகாரை மூடினார். ஏழே நிமிஷம்.

ஐந்து மணிக்குக் கதவு சாத்திக்கொண்டது. தங்கை மேலிடத்துக்கு மனு போட்டாள். கோளாறு சர்வருடையது என்றால் மறுவாய்ப்பு தரலாம் என்று மேலிடம் தாராள மனதோடு பழைய புகாரை எடுத்துப் பார்த்தது. கோளாறு பயனருடையதுதான் என்று அங்கே சான்று இருந்தது. சான்றளித்தவர் கூடப் பிறந்தவர்.

நாலாவது மாதம் அப்பா போய்விட்டார். பதினான்கு மணி நேரம் பயணம் செய்து மகள் வந்து இறங்கியபோது, எப்ப வரா என்று கேட்க ஆளில்லை.

காரியங்கள் முடிந்து மூடுவிழா வேலைக்குத் திரும்பிய வாரம், இன்னொரு கிளையிலிருந்து அதே புகார் வந்தது. பெரிய கோப்பு, வெள்ளைப் பக்கம், 413. அனுப்பியதன் அளவு அதிகம், வாங்க முடியாது என்பதற்குச் சர்வர் சொல்லும் எண் அது. ஆனால் போன வருஷமே கோப்பளவுக்கு இருந்த பத்து எம்பி வரம்பை ஐம்பதாக உயர்த்தி, தன் நாற்காலியிலிருந்து சோதித்து, ஒன்பது நிமிஷத்தில் மூடிய விஷயமாயிற்றே?

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் உயர்த்தியது உள்ளே இருக்கும் சர்வரின் வரம்பை. வெளியூர்க் கிளைகளுக்கு முன்வாசலில் இன்னொரு சர்வர் காவல் நிற்கிறது. அதற்குத் தனி வரம்பு, அதே பழைய பத்து. தலைமை அலுவலகத்துக்காரர்கள் கொல்லைப்புறமாக நேரே உள்ளே போய்விடுகிறவர்கள். அவர் நாற்காலியிலிருந்து எதைச் சோதித்தாலும் போகத்தான் செய்யும்.

முன்வாசல் சர்வரின் பதிவேட்டைத் திறந்தார். எவரும் கேட்காமலே அந்தத் தேதிக்குப் போனார். தங்கையின் ஊழியர் எண்ணோடு ஒன்பது வரிகள். முதல் வரி மூன்று நாற்பத்திரண்டு. கடைசி வரி நாலு ஐம்பத்தெட்டு. அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள், அண்ணன் சொன்னபடியே. ஒவ்வொரு வரியிலும் 413.

பத்தை அழித்து ஐம்பது என்று அடித்தார். சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினார். எல்லாம் சேர்த்து நாற்பது விநாடி.

தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"நான் அன்னிக்கே ஒரு நம்பர் வருதுன்னு சொன்னேன்ல?"

"சொன்னே."

"நீ விடுன்னே."

"ஆமா."

"இப்ப போகுமா?"

"போகும்."

"சரிண்ணா," என்று வைத்துவிட்டாள்.

மூடுவிழா அன்றைக்கு, பணியில் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தார். மூடிய புகார் ஒன்றை மறுபடி திறந்தார். 'பயனர் பக்கக் கோளாறு' என்பதை அடித்து, 'சர்வர் நிர்வாகியின் கோளாறு' என்று எழுதினார். அவருடைய சராசரி எகிறிப் போயிற்று.

மாதா மாதம் மேலாளர் வந்து நிற்கிறார். "என்ன சார், கோளாறைத்தான் சரிபண்ணியாச்சே! அந்த ஒண்ணையும் மூடித் தொலைங்களேன். மொத்தப் பிரிவுக்கும் அசிங்கமா இருக்கு."

"புகார் கொடுத்தவங்க இன்னும் திருப்தின்னு சொல்லலை சார்," என்கிறார் மூடுவிழா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.